வீட்டருகே சுகாதார நிலையம் இருந்தும் அம்மா ஏன் பெரிய ஆஸ்பத்திரிக்கே போகிறார்?

கேள்வி: வடசென்னை வாசகி

அனைவருக்கும் வணக்கம். நான் வடசென்னையில் வசிக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். என் அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயதாகிறது. சில வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் இருக்கின்றன.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்று இருக்கிறது. கட்டடம் சுத்தமாக இருக்கிறது, மருத்துவர் வருகிறார், மாத்திரைகள் இலவசம், யாரும் பணம் கேட்பதில்லை. இருந்தும் அம்மா அங்கே போவதில்லை. மாதத்தில் ஒரு நாள் வேலைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, விடியற்காலையில் பேருந்து ஏறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறார். ஓபி சீட்டுக்கு ஒரு வரிசை, டாக்டரைப் பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க ஒரு வரிசை என்று நின்று வீடு திரும்பும்போது மதியம் தாண்டிவிடுகிறது. அன்றைய சம்பளமும் பிடிக்கப்படுகிறது. இடையில் தலைசுற்றலோ காய்ச்சலோ வந்தால் தெருமுனையில் இருக்கும் தனியார் கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்.

காரணம் கேட்டால் அம்மாவிடம் தெளிவான பதில் இருக்கிறது. "போகும்போதெல்லாம் வேறு வேறு டாக்டர் இருக்கிறார்கள். பழைய சீட்டைப் பார்ப்பதில்லை. அதே மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். சாயங்காலம் போனால் இரத்தப் பரிசோதனைக்குக் காலையில் வா என்கிறார்கள். காலையில் நான் வேலைக்குப் போக வேண்டாமா?" என்று கேட்கிறார்.

அண்மையில் ஒரு மாலை நானும் அவருடன் போனேன். அறைக்குள் ஒரே ஒரு மருத்துவர், இளம் பெண். ஒரு கைக்குழந்தையைப் பரிசோதித்துக்கொண்டே கணினியில் எதையோ பதிவு செய்துகொண்டிருந்தார். வெளியே தாழ்வாரம் நிறைய ஆட்கள்; யார் முதலில் வந்தது என்று இரண்டு பேருக்குள் சண்டை. எங்கள் முறை வந்தபோது அம்மா சொல்ல நினைத்த எதையும் சொல்லி முடிப்பதற்குள் மருந்துச் சீட்டு கைக்கு வந்துவிட்டது. எனக்கு அந்த மருத்துவர் மீது கோபம் வரவில்லை. அவர் முகத்தில் இருந்த களைப்பைப் பார்த்த பிறகு கோபப்பட மனம் வரவில்லை என்பதே சரி.

ஆகவே இங்கே கேட்கிறேன். நோயாளிகளுக்கு இருக்கும் சிரமம் எனக்குத் தெரியும். மருத்துவர்கள், செவிலியர்கள் பக்கம் உண்மையான தடை எது? வீட்டுக்கு அருகில் இருக்கும் இந்த நிலையத்தை அம்மா நம்பிப் போகும்படி செய்ய என்ன வழி? துறையில் பணியாற்றுபவர்கள் யாராவது விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


பதில்: மாலைநேர மருத்துவர்

சகோதரிக்கு வணக்கம். சென்னையில் ஒரு நகர்ப்புற சுகாதார நிலையத்தில் ஒப்பந்த அடிப்படையில் பணியாற்றும் மருத்துவர் நான். எந்த நிலையம் என்பதை இங்கே சொல்ல இயலாது. உங்கள் அம்மா சொன்னவற்றில் ஒன்றைக்கூட என்னால் மறுக்க முடியவில்லை.

முதலில் நேரத்தைப் பற்றிச் சொல்கிறேன். காலை 8 மணி முதல் 12 மணி வரையிலான புறநோயாளிகள் நேரத்தில் 100 பேர் வந்தால், ஒருவருக்குக் கிடைப்பது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. அதில் பெயரைக் கேட்பது, இரத்த அழுத்தம் பார்ப்பது, சீட்டு எழுதுவது, கணினியில் பதிவது எல்லாம் அடக்கம். 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு நோயாளியுடன் முதல்நிலை மருத்துவர் செலவிடும் நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, சுவீடனில் 22.5 நிமிடம் என்று காட்டியது. இந்தியாவில் அது ஏறத்தாழ 2 நிமிடம். ஆகவே உங்கள் அம்மாவுக்கு நேர்ந்தது ஒரு நிலையத்தின் குறை மட்டும் அன்று.

காய்ச்சலுக்கும் சளிக்கும் இரண்டு நிமிடம் பெரும்பாலும் போதும். சர்க்கரை நோய்க்குப் போதாது. என்னிடம் வரும் ஓர் அம்மாவைப் பற்றிச் சொன்னால் இது விளங்கும். அவரும் வீட்டு வேலை செய்பவர்தான். சர்க்கரை அளவு எப்போதும் கூடுதலாகவே இருந்தது. மாத்திரையின் அளவை ஏற்றுவதைத் தவிர யாரும் வேறெதுவும் செய்திருக்கவில்லை. சில முறை வந்து பழகிய பிறகு, ஒரு நாள் கூட்டம் குறைவாக இருந்த மாலையில், "காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து, கடுங்காப்பியோடு கிளிமிபிரைடு மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுவாராம். முதல் உணவு பதினோரு மணிக்குத்தான். அந்த மாத்திரையை முதல் உணவோடு சேர்த்துச் சாப்பிட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். அடுப்படியில் நிற்கும்போது கைநடுக்கமும் படபடப்பும் வந்து, பயந்துபோய், வாரத்தில் பாதி நாள்கள் மாத்திரையையே நிறுத்தியிருக்கிறார். சீட்டில் மாத்திரையின் அளவு ஏறிக்கொண்டே போனது. வயிற்றுக்குள் போனதோ பாதிதான். மாத்திரையைப் பதினோரு மணிச் சாப்பாட்டோடு மாற்றிக் கொடுத்த பிறகு நிலைமை சீரடைந்தது. இதைக் கண்டறிய எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. பத்து நிமிடமும், முன்பு பார்த்த முகம் என்பதால் அவருக்கு ஏற்பட்ட நம்பிக்கையும் மட்டுமே தேவைப்பட்டன.

இந்தப் பழக்கம்தான் எங்கள் நிலையங்களில் அமைவதில்லை. நகர்ப்புற சுகாதார நிலையங்களில் பணியாற்றும் மருத்துவர்களில் பலர் 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின்கீழ் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். பதவி உயர்வும் பணிப் பாதுகாப்பும் கிடையாது. மேற்படிப்பு இடங்களில் அரசு மருத்துவர்களுக்கு உள்ள 50 விழுக்காட்டு ஒதுக்கீட்டைத் தமிழ்நாடு நீண்ட சட்டப் போராட்டத்தில் காப்பாற்றியது. மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது நிரந்தரப் பணியில் இருப்பவர்களுக்கான ஏணி; எங்களைப் போன்ற ஒப்பந்த மருத்துவர்களுக்கு அந்த ஏணி இல்லை. ஆகவே இங்கே சேரும் இளம் மருத்துவர் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வுக்கோ நீட் மேற்படிப்புத் தேர்வுக்கோ இரவில் படித்துக்கொண்டிருப்பார். ஒன்றில் தேறியதும் விலகுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அவர் போன மறுநாள், அவரிடம் மட்டும் மனம்விட்டுப் பேசிய நோயாளிகள் அனைவரும் மீண்டும் புதிய நோயாளிகளாகிவிடுகிறார்கள்.

இருக்கும் மருத்துவரும் எல்லா நாள்களிலும் நாற்காலியில் இருப்பதில்லை. முகாம்கள், பள்ளி மாணவர் பரிசோதனை, மழைக்காலத்தில் காய்ச்சல் கண்காணிப்பு, ஆய்வுக் கூட்டங்கள், பயிற்சிகள் என்று வெளியே போக வேண்டியிருக்கிறது. அந்த நாளில் பக்கத்து நிலையத்திலிருந்து ஒருவர் வந்து சமாளிப்பார். அம்மா பார்த்த "வேறு வேறு டாக்டர்" பெரும்பாலும் இப்படி வந்தவர்களாகவே இருக்கும்.

கணினி விவகாரமும் உண்டு. கர்ப்பிணிகளுக்குப் பிக்மி, தடுப்பூசிக்கு யூவின், தொற்றுநோய் அறிக்கைக்கு ஒரு தளம், தொற்றா நோய்க்கு இன்னொரு தளம், காசநோய்க்கு நிக்‌ஷய் என்று ஒவ்வொன்றும் தனித்தனி. ஒன்றில் பதிந்தது இன்னொன்றில் தெரியாது. புதிதாகச் சுகாதார அடையாள எண் உருவாக்க வேண்டுமென்றால் ஆதாரோடு இணைந்த கைப்பேசிக்கு ஓடிபி போகும். அந்தக் கைப்பேசி பெரும்பாலும் வேலைக்குப் போயிருக்கும் மகனிடமோ கணவரிடமோ இருக்கும். செவிலியர் அவருக்கு ஃபோன் செய்து, அவர் எடுத்து, எண்ணைச் சொல்லி முடிப்பதற்குள் நேரம் கடந்து ஓடிபி காலாவதியாகிவிடும். வரிசை அப்படியே நிற்கும்.

மாலையில் இரத்தப் பரிசோதனை இல்லாததற்குக் காரணம் எளிது. ஆய்வக நுட்புநர் ஒருவரே, அவர் வருவது காலையில். விரல் நுனியில் குத்திப் பார்க்கும் பரிசோதனை மாலையிலும் உண்டு. சில வேளைகளில் அதற்கான ஸ்டிரிப் தீர்ந்துபோயிருக்கும்.

பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. மருத்துவமனைகளில் வன்முறையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008-லேயே சட்டம் வந்தது. ஆனால் 2024 நவம்பரில் கிண்டியில் ஒரு மருத்துவர் பணியிடத்திலேயே கத்தியால் குத்தப்பட்ட பிறகு, இரவு எட்டு மணிக்குக் காவலாளி இல்லாத கட்டடத்தில் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்பும் பெண் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் சட்டப் புத்தகம் மட்டும் தைரியம் தருவதில்லை.


பதில்: அண்ணாநகர் நண்பர்

மருத்துவரின் விளக்கத்துக்கு மதிப்பளிக்கிறேன். இருந்தாலும் மக்கள் பக்கமும் தவறு இருக்கிறது என்று நினைக்கிறேன். இலவசமாகக் கிடைப்பதற்கு மதிப்பில்லை. அரசு மாத்திரையை வாங்கிக் குப்பையில் போடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி போடாவிட்டால் வைத்தியமே இல்லை என்று நினைக்கிறார்கள். மேலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இந்தச் சிறிய நிலையங்களுக்குச் செலவிடுவதைவிட அந்தக் காப்பீட்டை இன்னும் பலப்படுத்தினால் எல்லோரும் விரும்பிய மருத்துவமனைக்குப் போகலாமே?


பதில்: ஓய்வுபெற்ற செவிலியர்

அண்ணாநகர் தம்பிக்கு: மாத்திரையைக் குப்பையில் போடுபவர்களை நானும் பார்த்திருக்கிறேன். ஏன் போடுகிறார்கள் என்று கேட்டும் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாட்டில் அரசு மருந்துகள் 1994-ல் உருவாக்கப்பட்ட மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கப்படுகின்றன. கிடங்குக்கு வரும் ஒவ்வொரு தொகுதியும் ஆய்வகத்தில் பரிசோதிக்கப்பட்ட பிறகே நிலையங்களுக்கு வரும். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் உண்டு. அதில் உள்ள ஒதுக்கீட்டுக்குள் தேவையானதை எழுதி எடுத்துக்கொள்ளலாம். பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது. ஆகவே தரத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் டெண்டர் எடுக்கும் நிறுவனம் மாறும்போது மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறிவிடும். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு "வெள்ளை வட்டம் காலையில், சின்ன ரோஸ் ராத்திரியில்" என்பதுதான் மருந்துச் சீட்டு. அடுத்த மாதம் சர்க்கரை மாத்திரை நீளமாகவும் பிரஷர் மாத்திரை வெள்ளையாகவும் வந்தால் அவர் என்ன செய்வார்? ஒன்றை இரண்டு முறை போட்டுக்கொள்வார், இன்னொன்றை விட்டுவிடுவார். அல்லது "இது நம் மாத்திரை இல்லை" என்று தூக்கி எறிவார். கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுக்கும் அட்டைத் துண்டில் பெயர் பாதி அறுந்துபோயிருக்கும். மருந்து கொடுக்கும் ஜன்னலில் அரை நிமிடம் நிறுத்தி, பழைய அட்டையையும் புதிய அட்டையையும் பக்கத்தில் வைத்துக் காட்டினால் போதும். அந்த அரை நிமிடத்துக்கு ஆள் இல்லை. இதை மதிப்புத் தெரியாத தன்மை என்று சொல்லலாமா, தம்பி?

நான் பணியில் இருந்தது பெரும்பாலும் தாய்சேய் நலத்தில். கர்ப்பிணி என்று தெரிந்த நாளிலேயே பதிவு எண் கொடுத்துவிடுவோம். எத்தனையாவது மாதம், எப்போது ஸ்கேன், எப்போது இரும்புச்சத்து ஊசி, எப்போது பிரசவம் என்று பகுதிச் செவிலியருக்கு மனப்பாடமாகத் தெரியும். வர வேண்டிய நாளில் வராவிட்டால் அன்று மாலையே வீட்டு வாசலில் நிற்போம். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியாக மொத்தம் 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தவணையாக வருவதால் அவர்களும் பதிவை விட மாட்டார்கள். கூவம் கரையிலிருந்தும் அடையாறு கரையிலிருந்தும் குடும்பங்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றியபோது, கர்ப்பிணிகளை அந்த எண்ணை வைத்தே புதிய இடத்துச் செவிலியர் அடையாளம் கண்டுகொண்டார்கள். அதே வண்டியில் போன சர்க்கரை நோயாளிகளுக்கு அப்படி எந்த எண்ணும் இல்லை. கையில் ஒரு கசங்கிய சீட்டு இருந்தது. பலருக்கு அதுவும் வெள்ளத்திலோ இடமாற்றத்திலோ போய்விட்டது. புதிய இடத்தில் முதலிலிருந்து தொடங்கினார்கள், அல்லது தொடங்கவே இல்லை.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்த பிறகு இது பெரிதும் மாறியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே போய் அழுத்தம் பார்த்து, சர்க்கரை பார்த்து, மாத்திரை கொடுக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் முதியவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. ஆனால் அவர்கள் வரும் நேரத்தில் வாசகியின் அம்மாவைப் போன்றவர்கள் வேறு ஒருவர் வீட்டு அடுப்படியில் இருப்பார்கள். பூட்டிய வீட்டை எத்தனை முறை தட்ட முடியும்? குறைந்த மதிப்பூதியத்தில் வெயிலில் நடக்கும் அந்தப் பெண்களிடம் ஞாயிற்றுக்கிழமையும் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்சுலின் போடுபவர்கள் நிலைமை இன்னும் சிரமம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணலுக்குள் மண்பானை வைத்து அதில் குப்பியை வைக்கச் சொல்லிக்கொடுப்போம். நன்றாகவே வேலை செய்யும். சொல்லிக்கொடுக்க ஒருவர் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.


பதில்: பொது சுகாதார மாணவர்

செவிலியர் அம்மா அனுபவத்தில் சொன்னதை எண்களும் உறுதிப்படுத்துகின்றன. மாதிரிப் பதிவு ஆய்வின்படி 2018–20 காலத்தில் தமிழ்நாட்டில் பேறுகாலத்தில் தாய்மார்கள் இறக்கும் விகிதம் ஒரு லட்சம் பிறப்புக்கு 54; இந்தியாவின் சராசரி 97. குழந்தை இறப்பு விகிதம் 2020-ல் ஆயிரத்துக்கு 13, இந்தியாவுக்கு 28. பொது சுகாதாரத்துக்கென்று தனித் துறையும் தனிப் பணியாளர் அமைப்பும் வைத்திருப்பதும், 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் இயற்றியதும் இதற்குப் பின்னால் இருக்கின்றன.

இதே மாநிலத்தில் 2020-ல் நடத்தப்பட்ட தொற்றா நோய்க் கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பது தெரிந்தது. அவர்களில் அழுத்தம் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 விழுக்காடு மட்டுமே. சர்க்கரை நோயில் அது 10.8 விழுக்காடு. மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய பிறகு நிலை மேம்பட்டிருக்கிறது. ஆயினும் பெரும்பாலானவர்களுக்கு இன்னும் கட்டுக்குள் வரவில்லை. ஒரே துறையும் ஒரே கட்டடங்களும் பெரும்பாலும் ஒரே பணியாளர்களும் பிரசவத்தில் இந்த அளவு வெற்றி பெற்று, இரத்தக் கொதிப்பில் இவ்வளவு பின்தங்குவதற்கு அக்கறையின்மை காரணமாக இருக்க முடியாது. பிரசவம் பத்து மாதத்தில் முடியும் பணி. அதற்கு நாள் குறிக்கலாம், பட்டியல் போடலாம், வராதவரைத் தேடலாம். சர்க்கரை நோய் இருபது முப்பது ஆண்டுகள் நீடிக்கும் உறவு. அந்த உறவைத் தாங்குவதற்கு ஏற்ற பணியமைப்பை நாம் இன்னும் உருவாக்கவில்லை.

நண்பர் காப்பீட்டைப் பற்றிக் கேட்டார். அந்தத் திட்டம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. மாதந்தோறும் வாங்கும் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினுக்கும் இரத்தக் கொதிப்பு மாத்திரையான அம்லோடிபினுக்கும் அது பணம் தராது. கால் அழுகி அறுவை மேசைக்கு வரும்போதும், சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்கு வரும்போதும் அது கைகொடுக்கும். அந்த உதவியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த நிலைக்குப் போகாமல் தடுக்கக்கூடிய இடம் வாசகியின் வீட்டருகே இருக்கும் அந்தக் கட்டடம்தான். அதை மெலியவிட்டுக் காப்பீட்டை வளர்த்தால், செலவும் வேதனையும் இரண்டுமே கூடும்.

சென்னையின் வேறொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். 2011-ல் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. பழைய நகரத்தில் நெடுங்காலமாக மாநகராட்சி மருந்தகங்கள் இருந்தன. மணலி, அம்பத்தூர், சோழிங்கநல்லூர் போன்ற இணைந்த பகுதிகளில் பலவற்றைப் புதிதாக அமைக்க வேண்டியிருந்தது. இன்று 200 வட்டங்களுக்கு (வார்டுகளுக்கு) 140 நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. 50,000 மக்களுக்கு ஒன்று என்பது தேசிய அளவுகோல். 2023 ஜூனில் மாநிலம் முழுவதும் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. காலை 8 முதல் 12 வரையும் மாலை 4 முதல் 8 வரையும் செயல்படுகின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர். மாலை நேரத்தை ஏற்றது சரியான முடிவு. உழைக்கும் மக்கள் அப்போதுதான் வர முடியும். ஆனால் ஒருவர் விடுப்பு எடுத்தால் அந்த மையம் என்ன ஆகும் என்பதை அந்த எண்ணிக்கையே சொல்லிவிடுகிறது.

என் கருத்து இதுதான்: ஒரு நிலையத்துக்கு மாதத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, அந்தப் பகுதியில் பதிவான சர்க்கரை நோயாளிகளில் எத்தனை பேர் இந்த ஆண்டு ஒரே மருத்துவரைப் பெரும்பாலான முறை பார்த்தார்கள், எத்தனை பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது என்று கேட்க வேண்டும். வந்தவர்களை எண்ணும் வரை மருத்துவர் வரிசையை விரைவாக முடிக்கவே பழகுவார்.


பதில்: அண்ணாநகர் நண்பர்

செவிலியர் அம்மாவுக்கு நன்றி. மாத்திரையின் நிறம் மாறுவதைப் பற்றி இதுவரை எனக்குத் தெரியாது. காப்பீட்டில் வெளிநோயாளி மருந்துக்கும் இடம் வேண்டும் என்பதை மட்டும் இன்னும் வலியுறுத்துவேன்.


பதில்: வடசென்னை வாசகி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடுங்காப்பியோடு மாத்திரை என்ற இடத்தில் "நானும் அப்படித்தானே போடுகிறேன்" என்றார். இத்தனை ஆண்டுகளில் யாரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை; வீட்டில் இருக்கும் நானும் கேட்டதில்லை. அவரும் எடுப்பது கிளிமிபிரைடு சேர்ந்த மாத்திரைதான் என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

மருத்துவரிடம் இரண்டு கேள்விகள். மறுபடியும் அருகில் உள்ள நிலையத்துக்கு அழைத்துப் போனால், அதே கூட்டத்தில், அதே இரண்டு நிமிடத்தில் இதை எப்படிச் சொல்வது? மாலையில் இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று நாங்கள் யாரிடம் கேட்பது?


பதில்: மாலைநேர மருத்துவர்

சகோதரி, மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ அளவைக் குறைக்கவோ வேண்டாம். மருத்துவரைப் பார்க்கும் வரை, அதை எடுத்தவுடன் சாப்பிடும்படி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு இட்லியாவது கையில் கட்டிக் கொடுத்து அனுப்புங்கள். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்தால் உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிலையத்துக்குப் போகும்போது பழைய சீட்டுகளைக் கட்டாகக் கொடுக்காதீர்கள். யாராலும் புரட்ட முடியாது. ஒரு சிறிய நோட்டில் ஒரே பக்கத்தில் எழுதுங்கள்: எழும் நேரம், மாத்திரை நேரம், முதல் சாப்பாட்டு நேரம், படபடப்பு வந்த நாள்கள், கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவு. அதை மேசைமேல் வைத்தால் இரண்டு நிமிடத்தில் பத்து நிமிட வேலை நடக்கும். உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் தனியார் கிளினிக்கில் வாங்கியது உட்படக் கொண்டுபோங்கள். நிலையான மருத்துவர் எந்தெந்த நாள்களில் இருப்பார் என்று செவிலியரிடம் கேட்டு, அந்த நாளிலேயே போங்கள். மழைக்காலத்தைத் தவிர்த்து, வாரத்தின் நடுவில், மாலை ஏழு மணிக்குப் பிறகு கூட்டம் ஓரளவு குறைவாக இருக்கும் என்பது என் அனுபவம்; உங்கள் பகுதியில் எப்படி என்பதைச் செவிலியரே சொல்வார்.

பரிசோதனை நேரத்தைப் பற்றி நிலையத்து மருத்துவரிடம் சண்டை போட்டுப் பயனில்லை. நுட்புநரின் பணி நேரத்தை மாற்றும் அதிகாரம் அவரிடம் இல்லை. மண்டல நல அலுவலருக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். 2022 நவம்பரிலிருந்து வட்டங்களில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. அங்கே சாலைக்கும் கழிவுநீருக்கும்தான் பெரும்பாலும் மனுக்கள் வருகின்றன. சுகாதார நிலையத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. வீட்டு வேலை செய்யும் பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்து, "வாரத்தில் இரண்டு மாலை ஆய்வகம் இயங்க வேண்டும், மருத்துவர் இருக்கும் நாள்களைப் பலகையில் எழுதி வைக்க வேண்டும், காலியிடத்தை நிரப்ப வேண்டும்" என்று மாமன்ற உறுப்பினர் முன்னிலையில் கேட்டால் அது கூட்டக் குறிப்பில் ஏறும். நாங்கள் உள்ளிருந்து எழுதும் கடிதங்களைவிட அதற்கு வலு அதிகம்.

கண்ணின் விழித்திரைப் பரிசோதனைக்கு ஆண்டுக்கு ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். போகும் முன் எங்கள் நிலையத்தில் பரிந்துரைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே எழுதிக் கொடுப்பதைத் திரும்பக் கொண்டுவந்து எங்களிடம் காட்டுங்கள். அங்கிருந்து எங்களுக்குத் தகவல் வரும் வழி இப்போதைக்கு உங்கள் கையில் இருக்கும் அந்தத் தாள் மட்டுமே.